பாட்டிலின் பின்பக்கம்

முகத்தில் தடவும் சீரம் பாட்டிலின் முன்பக்கத்தை நான் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை. 'ஒளிரும் சருமம்', 'தோல் மருத்துவர்களால் பரிசோதிக்கப்பட்டது' எல்லாம் அங்கேதான் இருக்கும். பரிசோதித்தார்கள், சரி. முடிவு என்ன வந்தது என்று ஒரு வரி இருக்காது!

பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பட்டியல்தான் விஷயம். அதிகம் சேர்த்த பொருள் முதலில், குறைவானது பின்னால் என்று வரும்; 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். பெட்டியில் பெரிதாகப் படம் போட்ட மூலிகைச் சாறு, பட்டியலின் கடைசியில் வாசனைப் பொருளோடு ஒட்டிக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் பெயருக்குத்தான். (ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பொருள் குறைந்த அளவிலேயே வேலை செய்யும், அது வேறு கதை.)

எனக்கு ஏமாற்றம் தந்தவற்றில் முதலிடம் வைட்டமின் சி சீரத்துக்கு. நல்ல பொருள்தான். ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்லப் பழுப்பாகி வீரியம் போய்விடும். அதைப் போய் நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். பாதி தீருவதற்குள் நிறம் மாறிவிட்டது. என்னத்தைச் சொல்ல?

கடைசியில் எனக்கு ஒத்துப்போனது வாசனையே இல்லாத, கிளிசரினும் செராமைடும் (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு வகைக் கொழுப்பு) உள்ள ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர். அழகான டப்பா கூடக் கிடையாது. அதையே தோழிக்குக் கொடுத்தேன், "ஒரே பிசுபிசுப்பு" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

அப்புறம், புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கம் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். எரிந்தால், அரித்தால் உடனே நிறுத்திவிடலாம். பலன் தெரியவில்லை என்று மட்டும் ஒரே வாரத்தில் தூக்கிப் போடாதீர்கள். பருவுக்கும் கரும்புள்ளிக்கும் போடுபவை வேலை காட்ட 8 முதல் 12 வாரம் கூட ஆகும்.

உங்களைக் கவிழ்த்துவிட்ட பொருள் எது?