சின்னத்தாத்தா எந்த அசோசியேஷன்ல இருந்தாரு? தேடின கதை

சிங்கப்பூர்ல டாக்டரா இருந்தாருன்னு சொல்ற எங்க சின்னத்தாத்தா பேச்சு வீட்ல வந்தா போதும், "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே அவரு மெடிக்கல் அசோசியேஷன் கமிட்டில இருந்தவரு"ன்னு அத்தை ஆரம்பிச்சிடுவாங்க. குடும்பத்துக்கு ஒரு சின்ன புக் போடலாம்னு பேசினப்ப, இது உண்மையான்னு பாக்குற வேலை என் தலையில விழுந்துச்சு. இதே மாதிரி தேடுறவங்க இருப்பீங்கல்ல, அதான் எழுதுறேன்.

எடுத்த உடனே சங்கத்துக்கு ஈமெயில் போடாதீங்க, எந்த சங்கம்னு முதல்ல பாருங்க. இப்ப இருக்குற சிங்கப்பூர் மெடிக்கல் அசோசியேஷன் வந்ததே 1959லதான். அதுக்கு முன்னாடி 1890ல ஸ்ட்ரெய்ட்ஸ் மெடிக்கல் அசோசியேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, 1894ல அதுவே பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷனோட மலாயா கிளையா ஆயிடுச்சு. இது போக, இங்கயே படிச்சு வந்த டாக்டருங்களுக்கு ஏழாம் எட்வர்ட் மெடிக்கல் காலேஜ் அலும்னை சங்கம், அதாவது பழைய மாணவருங்க சங்கம், அது 1923. எங்க வீட்ல எல்லாத்துக்கும் ஒரே பேருதான், அசோசியேஷன்!

அடுத்தது, ஆளு டாக்டரா பதிஞ்சிருக்காரான்னு பாக்கணும். இத சொன்னா சில பேருக்கு கோவம் வரும், ஆனா அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க நிறைய பேரு டிரஸ்ஸரா, அதாவது காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து குடுக்குற உதவியாளரா இருந்தவங்க, எஸ்டேட்லயும் ஆஸ்பத்திரிலயும் அவங்களையும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க, பதிவு லிஸ்ட்ல அவங்க பேரு இருக்காது. அந்த லிஸ்ட் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) அரசாங்க கெஜட்ல வரும். விக்டோரியா ஸ்ட்ரீட் நேஷனல் லைப்ரரி 11வது மாடில உக்காந்து மைக்ரோஃபிலிம் சுத்தினேன், கொஞ்சம் வேகமா திருகினா பத்து பக்கம் ஓடிடுது, எழுத்தும் சில இடத்துல கரும்புகை அடிச்ச மாதிரி இருக்கு. சின்னத்தாத்தா பேரு பிள்ளைல முடியும். சொந்தப் பேருக்கு நேரா தேடினா ஆளே இல்ல. கடைசில பாத்தா பிள்ளைன்னு முடியுற பேர எல்லாம் குடும்பப் பேரு மாதிரி ஒண்ணா சேத்து வெச்சிருக்கான், அதுலயும் இங்கிலீஷ்ல கடைசில ஐ போட்ட பிள்ளை (Pillai) தனி, ஒய் போட்ட பிள்ளை (Pillay) தனி. அங்க இருந்தாரு, பக்கத்துலயே எல்.எம்.எஸ். சிங்கப்பூர்னு அவரோட டாக்டர் படிப்பு, அட்ரஸ் சிராங்கூன் ரோடு. அத போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டதும் அத்தை வாய்ஸ் மெசேஜா அனுப்பித் தள்ளிட்டாங்க.

கமிட்டி விஷயத்துக்கு கெஜட் உதவாது. பழைய பேப்பர்ங்கதான் கை கொடுத்துச்சு. லைப்ரரியோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துல வீட்ல இருந்தே தேடலாம், சங்கங்களோட ஆண்டுக்கூட்டம் முடிஞ்சா யாரு பிரசிடென்ட் யாரு கமிட்டின்னு அப்பெல்லாம் பேப்பர்ல போடுவாங்க. ஸ்கேன் பண்ண எழுத்த கம்ப்யூட்டர் கன்னாபின்னான்னு படிச்சு வெச்சிருக்கும், அதனால பேர போட்டுத் தேடாம சங்கத்து பேரயும் வருஷத்தயும் போட்டுத் தேடுங்க. அப்படித்தான் கிடைச்சுது: கமிட்டில இருந்தது உண்மை, ஆனா அலும்னை சங்கத்து கமிட்டி.

நடுவுல ஒரு ஆபீஸ்ல, பேரு வேணாம், இங்க கேளு அங்க கேளுன்னு என்னைய பந்தாடிட்டாங்க. அதுக்கு கேனிங் ரைஸ்ல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ் எவ்வளவோ தேவலாம், சில ஃபைலுக்கு அத ஆர்க்கைவ்ஸுக்குக் குடுத்த ஆபீஸ்ல பெர்மிஷன் வாங்கணும், அது வரைக்கும் காத்திருக்கணும், அவ்வளவுதான். பழைய டாக்டருங்களோட வாய்மொழி வரலாறு பேட்டியும் அங்க இருக்கு, ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன்ல சிலத கேக்கலாம். சொந்தக்காரரு பேரு வரலன்னாலும் கேளுங்க, அந்தக் கால ஆஸ்பத்திரி வார்டு எப்படி நடந்துச்சுன்னு புரியும்.

போருக்கு அப்புறம்னா வேலை ஈசி. மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலாயா 1946ல இருந்து, சிங்கப்பூர் மெடிக்கல் ஜர்னல் 1960ல இருந்து, பழைய இதழ் ரெண்டுமே ஆன்லைன்ல இருக்கு. 1942ல இருந்து 45 வரைக்கும் எனக்கு ஒண்ணும் சிக்கல, புக்லயும் அந்த வருஷங்கள காலியா விட்டுட்டேன், கதை கட்டி நிரப்ப மனசு வரல.

பிரிட்டிஷ் சங்கத்துலயும் மெம்பரா இருந்தாரான்னு அத்தை இப்ப புதுசா கேக்குறாங்க. அதுக்கு லண்டன்ல வர்ற அந்த சங்கத்து இதழ் பிஎம்ஜே (பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்) இருக்கு, பழைய இதழ்கள பப்மெட் சென்ட்ரல்ங்கற வெப்சைட்ல ஃப்ரீயா பாக்கலாம், கிளைங்களோட செய்தியும் வரும். 1930கள்ல தேடிட்டு இருக்கேன், யாராவது ஏற்கனவே பாத்திருந்தா சொல்லுங்க.