ஏரியில் கிடைத்த நடுகல்லை அருங்காட்சியகத்தில் சேர்த்த கதை

போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் ஏரியில் வண்டல் அள்ளும்போது ஜேசிபி வாளியில் பலகைக்கல் ஒன்று தட்டியது. வில்லும் வாளுமாக ஒரு வீரன், தலைக்கு மேல் நான்கு வரி வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து வகை. நடுகல்: சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் இதைத்தானே வேடியப்பன் என்று கும்பிடுகிறோம்! இப்படிக் கிடைத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

கல்லை உடனே தூக்க விடாதீர்கள். எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, எவ்வளவு ஆழம், பக்கத்தில் பானை ஓடு உண்டா என்று படம் எடுத்து, செல்போனில் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான். பிறகு கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் இருவருக்கும் எழுத்தில் மனு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். ஓர் அலுவலகத்தில், "இந்தக் கல்லு பத்து ரூபா தேறுமா?" என்று நிஜமாகவே கேட்டார்கள்.

காகிதம் எப்படியோ நகர்ந்துவிடும். ஊர்தான் கஷ்டம். "சாமியைக் கொண்டுபோய் வெயில்ல போட்டுடுவீங்க" என்றார் ஒரு பெரியவர். அவர் பயமும் நியாயம்தான். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லியிருந்தோம். வந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு ஊர் முன்னாலேயே மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றிய படி, எடுத்தார்கள். கல்லை பிரஷ் போட்டுக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் தாள் இறங்கும்வரை கெட்டி பிரஷ்ஷால் அடித்தார்கள். அரைகுறையாகக் காய்ந்ததும் மையைப் பஞ்சுப் பொதியால் ஒற்ற, கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழுந்தது. அரசன் பெயர் இருந்த இடம் சிதைந்திருந்தது. "தொறு மீட்டுப் பட்டான்" மட்டும் தெளிவு: ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன். அதை வாசித்துக் காட்டிய பிறகு கூட்டத்தின் குரல் இறங்கியது. ஆனாலும் ஒரு பூசை, ஏரிக்கரையில் கல்லின் படத்தோடு ஒரு பலகை என்ற இரண்டு நிபந்தனைக்கும் ஒத்துக்கொண்ட பிறகுதான் டிராக்டரில் ஏற்ற விட்டார்கள். வைக்கோல் பரப்பி, எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி கிடத்துங்கள். கயிறு எழுத்தின் மேல் படக் கூடாது.

அப்புறம் கல்வெட்டில் வாசித்த வரிகள், மைப்படி, இட விவரம் மூன்றையும் சேர்த்து எங்கள் வரலாற்று மன்றத்தின் ஆண்டிதழில் சிறு குறிப்பாகப் போட்டோம். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகம் இதழுக்கு இதழ் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியது. காசு கொடுத்து வாங்க முடியாத வெளிநாட்டு ஆய்விதழ்கள் சிறு மன்றங்களுக்குக் கிடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. தபால் நிலையத்தில் மட்டும் அட்டைப்படத்தைப் பார்த்து, "சிலை ஏதும் அனுப்பலையே?" என்றார்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதுதான். அச்சிட்ட இதழுக்கு அந்தத் தடை கிடையாது. உறையைத் திறந்து காட்டி, சுங்கப் படிவத்தில் "அச்சிட்ட நூல்" என்று எழுதிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள்.