அம்மாவின் கயிலை

அம்மா பிறந்து வளர்ந்தது திருவையாற்றில். ஆடி அமாவாசையன்று அப்பருக்குக் கயிலைக் காட்சி நடக்கும்போது ஐயாறப்பர் கோயிலில் இல்லாமல் போன வருஷங்களை அவள் விரல்விட்டுச் சொல்லிவிடுவாள். அப்படியும் வடக்கே இருக்கிற அந்த மலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அடங்கவில்லை. அதற்குள் முழங்கால் விட்டுவிட்டது. அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் வேண்டிக்கொண்டேன்: இவர் எழுந்து நடக்கட்டும், அம்மாவுக்குப் பதிலாக நான் வந்து உன்னைப் பார்க்கிறேன். பன்னிரண்டாம் நாள் அப்பா வாசல் வரை நடந்தார்.

நேபாளம் வழியாகக் கயிலைக்குக் கிளம்பினேன். நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட்டுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து எல்லையில் இருக்கிற ஹில்சாவுக்கு ஹெலிகாப்டர். மேகம் இறங்கிவிட்டதால் சிமிகோட்டிலேயே மூன்று நாள் கிடந்தோம். மேகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. விடியற்காலையிலிருந்து மூட்டையோடு காத்திருந்த வயதானவர்களை உட்கார வைத்துவிட்டு, தனியாகப் பணம் நீட்டியவர்களை முதலில் ஏற்றி அனுப்பினார்களே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. சிவனைப் பார்க்கப் போகிற வழியில்கூடவா?

ஹில்சாவில் பாலம் தாண்டினால் திபெத். புராங்கில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினோம். முதலில் ராட்சச தால் ஏரி வந்தது. அழகான நீலம்தான், ஆனால் உப்புத் தண்ணீர், யாரும் தொடுவதில்லை. அப்புறம் மானசரோவர். 4,590 மீட்டர் உயரத்தில் ஒரு கடலைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. ஏரிக்குள் இறங்க எங்களை விடவில்லை. வாளியில் மொண்டு வந்து கரையில் நின்று ஊற்றிக்கொண்டோம். முதல் வாளி அம்மா பெயரைச் சொல்லி, அடுத்தது அப்பா பெயரைச் சொல்லி, மூன்றாவதுதான் எனக்கு. பல் கிட்டிப் போனது. வடக்கே மலை தெரிய வேண்டிய இடத்தில் வெறும் மேகம். மறுநாளும் மேகம்தான்.

பரிக்கிரமா, அதாவது மலையைச் சுற்றி வருவது, 52 கிலோமீட்டர், மூன்று நாள். சுற்று தொடங்குகிற யமதுவாரத்தில் குதிரைக்குப் பேசிய தொகை ஒன்று, ஏறப் போகும்போது கேட்டது வேறொன்று. சரி, நடந்தே போகலாம் என்று கிளம்பிவிட்டேன். வழியில் ஒரு திபெத்தியப் பெண், தரையில் நீட்டி விழுந்து, எழுந்து, விரல் நுனி தொட்ட இடத்தில் நின்று, மறுபடி விழுந்து போய்க்கொண்டிருந்தாள். சுற்று முழுக்க அப்படியே போவார்களாம். நெற்றியெல்லாம் மண். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நடை தளர்ந்துவிட்டது.

முதல் நாள் தங்குகிற திராபுக் சேரும்போது சாயங்காலம். விரலில் கருவியை மாட்டிப் பார்த்த வழிகாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் 64 சதவீதம்தான் என்றார். நாளைக்கு டோல்மா கணவாய், 5,600 மீட்டருக்கு மேல். உங்களை ஏற விட மாட்டேன், விடிந்ததும் இறங்கிவிடுங்கள் என்றார். கௌரி குண்டம் என்கிற புனிதக் குளம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்து சுற்றை முடிக்காமலா?

போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்போதுதான் அம்மா சொல்கிற கதை நினைவுக்கு வந்தது. அப்பர் கால் தேய, கை தேய, மார்பால் உந்தி, கடைசியில் புரண்டு புரண்டு போனார். அவரிடமும் இந்த உடம்போடு அங்கே வர முடியாது என்றுதானே சிவன் சொன்னான்? பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழ வைத்து, அங்கே காட்சி கொடுத்தான். அப்பரையே திருப்பி அனுப்பியவன். நான் எம்மாத்திரம்.

விடியும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே வந்தேன். மேகமே இல்லை. வடக்கு முகம் முழுசாக எனக்கு எதிரே நின்றது. கறுத்த பாறை, அதன் மேல் திருநீறு பூசிய மாதிரி பனி. உச்சியில் ஒரு பொட்டு சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்னாகி வழிந்து இறங்கியது. மனப்பாடமாகக் கொண்டுபோன பிரார்த்தனை ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பா, அப்பா, அப்பா. அவ்வளவுதான் வந்தது. யாரைக் கூப்பிட்டேன், பெற்றவரையா, அவனையா, தெரியவில்லை. அம்மாவின் பழைய புடவையிலிருந்து கிழித்துக் கொண்டுபோன துண்டை இரண்டு கையாலும் விரித்து மலைக்கு நேராகப் பிடித்தபடி நின்றேன். மேகம் வந்து மூடியபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன. என்ன கருணை! நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு இது?

இந்த ஆடி அமாவாசைக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஐயாறப்பரிடம் கூட்டிப்போனோம். அப்பா தள்ளிக்கொண்டு வந்தார். நெரிசலில் எங்களால் கிட்டே போக முடியவில்லை. தூரத்தில் தீபாராதனை ஒளி எழுந்ததும் மானசரோவர் தண்ணீரை அம்மா தலையில் தெளித்தேன். அவள் அந்தப் புடவைத் துண்டை வாங்கி, கண்ணை மூடி, இமைகளின் மேல் வைத்துக்கொண்டாள். கூட்டம் கலைகிற வரைக்கும் எடுக்கவே இல்லை.