ஒன்பதால் வகுபடாத பிழை

தங்கை மகள் பி.காம். படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பாடப்புத்தகத்தில் நிறுவனங்களின் கணினித் தகவல் அமைப்புகளை அடுக்கிக் காட்டும் ஒரு முக்கோணத்தைக் காட்டினாள். அடித்தட்டில் அன்றாடப் பரிவர்த்தனைகளைப் பதியும் அமைப்பு, அதற்கு மேல் மேலாளர்களுக்கு அறிக்கை தரும் எம்.ஐ.எஸ்., அப்புறம் முடிவெடுக்க உதவும் அமைப்பு, உச்சியில் மேலதிகாரிகளுக்கானது. "மாமா, இது நாலும் தனித்தனி கம்ப்யூட்டரா?" என்று கேட்டாள். இல்லை, பெரும்பாலும் கவுண்டரில் ஒருவர் தட்டும் அதே பதிவுதான் படிப்படியாக மேலே போகிறது என்றேன்.

நான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1986-இல், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில். அப்போது எல்லாம் லெட்ஜர்தான். குறிப்பிட்ட நாட்களில் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் எழுதிக் கூட்டி, மொத்தக் கணக்கு இருக்கும் ஜெனரல் லெட்ஜர் தொகையோடு ஒப்பிட்டு பேலன்ஸ் செய்வோம். ஒரு தடவை 90 ரூபாய் வித்தியாசம் உதைத்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கப் பார் என்று ஒரு மூத்தவர் சொல்லிக் கொடுத்தார். இரவு பத்து மணிக்குக் கிடைத்தது: 5,430-ஐ யாரோ 5,340 என்று எழுதியிருந்தார்கள்! அன்று தூங்கிய தூக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

வங்கிகளைக் கணினிமயமாக்கச் சொன்ன ரங்கராஜன் குழு அறிக்கை 1984-லேயே வந்துவிட்டது. எங்கள் கிளைக்கு, கணக்குகளைப் பதியும் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வரப் பல வருடம் ஆனது. அப்புறம் எல்லாக் கிளைகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங். ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்த்து பாஸ் செய்ய, அன்றைய கணக்கை முடிக்கும் டே எண்ட் முடிந்தால் பற்றும் வரவும் தானாகச் சமமாகிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் கையால் எழுதித் தபாலில் போட்ட வாராந்திர ஸ்டேட்மென்டும் நின்றுபோனது. எந்தக் கடன் தவணை தவறி, வாராக்கடனாகும் 90 நாளை நெருங்குகிறது என்ற பட்டியல் காலையில் மேனேஜர் மேசையில் இருக்கும். கடனுக்கு மதிப்பெண் போடும் மென்பொருளும் வந்தது. வருமானம், வயது, பழைய கடன் வரலாறு எல்லாம் கொடுத்தால் ஒரு எண் சொல்லும்.

அவளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். 2012-இல் சம்பா நடவு நேரத்தில் நகைக்கடனுக்குக் கூட்டம். திரையில் நகை எடை, தொகையோடு கடனின் நோக்கத்துக்கு ஒரு கோடு, அதாவது குறியீட்டு எண், உண்டு. பயிர்ச் சாகுபடி என்று போட வேண்டிய 23 கணக்குகளில் சொந்தச் செலவு என்று விழுந்திருந்தது. பாஸ் செய்தவன் நான். நகை சரி, தொகை சரி, பற்று வரவு சரி. எந்த வித்தியாசமும் காட்டவில்லை. வங்கிக் கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்குப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் கணக்கைப் பார்ப்பவர்களின் அறிக்கையில் இந்த 23 பேரும் விவசாயிகளே இல்லை.

கண்டுபிடித்தது எந்த மென்பொருளும் இல்லை. ஒரு பெரியவர் வட்டி ரசீதை நீட்டி, "பக்கத்து வயக்காரருக்கு ஏன் கம்மியா வருது சார்?" என்றார். பயிர்க்கடன் என்றால் அப்போது 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 4. அந்தச் சலுகை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஒரு கோடில்தான் இருந்தது. விண்ணப்பங்களை எடுத்து 23-ஐயும் திருத்தினோம். கூடுதலாகப் பிடித்த வட்டியை அவரவர் கணக்கில் திருப்பி வைத்தோம். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கஷ்டமாக இருந்தது.

லெட்ஜர் காலத்தில் பிழை நம்மை வீட்டுக்குப் போக விடாது. கோடு பிழை அப்படியில்லை, நம்மோடு சேர்ந்து நிம்மதியாகத் தூங்கிவிடும். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, டே எண்டுக்கு முன்னால் அன்றைய கடன் பட்டியலை அச்செடுத்து, விண்ணப்பங்களோடு வைத்து, நோக்கக் கோடுகளைச் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.