விரும்பிய டொமைன் வேறொருவர் கையில்

இணையதளம் செய்து கொடுக்கும் வேலையில், வடிவமைப்பைவிட அதிகம் பேச்சு நடப்பது டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயரைப் பற்றித்தான். பலர் லோகோவை முடித்து, விசிட்டிங் கார்டும் அச்சடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். தேடினால் டாட் காம் ஏற்கெனவே போயிருக்கும். உடனே, "சரி, டாட் நெட் இருக்கா பாருங்க" என்பார்கள்.

அங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்துவேன். முதலில் அந்தப் பெயர் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும், ஹூயிஸ் என்று பழகிய தேடலின் இடத்தில், டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கு 2025 ஜனவரி முதல் ஆர்டிஏபி என்ற புதிய முறை வந்துவிட்டது. டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் யாரும் பார்க்கலாம். உரிமையாளர் யார் என்பது பெரும்பாலும் மறைந்திருக்கும். பதிவான தேதி, காலாவதி தேதி, இப்போதைய நிலை ஆகியவை தெரியும்.

காலாவதி அடுத்த வாரம் என்றதும் சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். ஆனால் பெயர் அவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. டாட் காமில் காலாவதிக்குப் பிறகும் புதுப்பிக்க, பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, 45 நாள் வரை அவகாசம் உண்டு. நீக்கிய பின்னும் உரிமையாளர் மீட்டுக்கொள்ள 30 நாள், அப்புறம் 5 நாள் காத்திருப்பு. நல்ல பெயர் என்றால் விடுபடும் நொடியிலேயே மென்பொருள் வைத்துப் பிடித்துவிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. பல பெயர்கள் அதுவரைகூடப் போகாமல் ஏலத்தில் கைமாறிவிடும். காத்திருப்பதை ஒரு திட்டமாகவே நான் எண்ணுவதில்லை.

அந்த முகவரியில் அதே துறையில் யாராவது தொழில் நடத்திக்கொண்டிருந்தால், பெயரையே மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். டாட் காமுக்குப் பதில் டாட் நெட் என்று பின்னொட்டை மட்டும் மாற்றிப் பதிவது எளிது. ஆனால் ஆட்களின் கை தானாக டாட் காம் என்றுதான் தட்டும். பார்வையாளர் வழி தவறிப்போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மின்னஞ்சல்தான் பெரிய தலைவலி. விலைப்பட்டியல், ஒப்பந்தம், வங்கி விவரம் எல்லாம் அவர்கள் பெட்டியில் போய் விழலாம். @ குறிக்கு முன்னால் எந்தப் பெயர் இருந்தாலும் அஞ்சலை வாங்கிக்கொள்ளும்படி அங்கே அமைத்திருந்தால், அஞ்சல் திரும்பியும் வராது. அனுப்பியவர் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

இப்போது எல்லோரும் கேட்கும் டாட் ஏஐ, உண்மையில் அங்குவிலா தீவின் நாட்டுக் குறியீடு. அதன் கட்டணமும் விதியும் அந்தத் தீவின் கையில். தெரிந்து வாங்கினால் சரி.

எனக்குப் பிடித்த வழி, ஒரு சொல்லைச் சேர்ப்பது. தொழிலைச் சொல்லும் சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது. டெஸ்லா 2016 வரை டெஸ்லாமோட்டார்ஸ் டாட் காமில்தான் இருந்தது. அதனால் கார் விற்காமல் போகவில்லை. ஃபேஸ்புக்கும் முன்னால் ஒரு 'தி' போட்டுத் தொடங்கி, 2005இல் 2 லட்சம் டாலர் கொடுத்து இப்போதைய பெயரை வாங்கியது. நடுவில் சிறுகோடு போடுவதை மட்டும் தவிர்ப்பேன். தொலைபேசியில் முகவரி சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அதை விளக்க வேண்டியிருக்கும்.

"கேஸ் போட முடியுமா?" என்றும் கேட்பார்கள். டொமைன் தகராறுகளைத் தீர்க்க யுடிஆர்பி என்ற நடைமுறை 1999 முதல் இருக்கிறது. பெயர் உங்கள் வணிகக் குறியை ஒத்திருக்க வேண்டும்; அதைப் பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது; கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றையும் நிரூபிக்க வேண்டும். உங்கள் நிறுவனம் பிறக்கும் முன்பே பதிந்தவரிடம் இது பெரும்பாலும் எடுபடாது.

வாங்கியே தீர வேண்டும் என்றால், அச்சடித்த கார்டைப் பற்றி வாய் திறக்காமல் விலை கேளுங்கள். பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை வழியாக மட்டும் கொடுங்கள். அதற்கும் முன்னால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சூதாட்டத் தளமாகவோ போலி மருந்துக் கடையாகவோ இருந்திருந்தால், அந்த முகவரி ஸ்பேம் பட்டியல்களில் ஏறியிருக்க வாய்ப்புண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பேரத்தை அத்தோடு நிறுத்தச் சொல்லிவிடுவேன்.