மேலாற்றில் பெய்கிற மழை: ஆற்றிடுக்குகளில் வழிகாட்டியின் வேலை

காட்டுக்குள் ஓடும் ஆற்றிடுக்குகளில் ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டிக்கு, வேலை முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. வரைபடத்தை விரித்ததும், நடக்கப்போகும் பாதைக்கு முன்னால் அந்த ஆற்றுக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் நடக்கிற இடத்துக்கு மட்டும் மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் பார்ப்பதுதான் முறை. தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே, பல கிலோமீட்டர் தள்ளி மலைமேல் கொட்டிய மழை இடுக்குக்குள் வந்து சேரும். இருபுறமும் பாறைச் சுவர் என்பதால் தண்ணீருக்குப் பரவ இடமில்லை; உயரத்தான் முடியும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆண்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது இப்படித்தான். 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் சாக்ஸெட்டன் ஓடையில் 21 பேர். 2018 ஆகஸ்ட் 20 அன்று இத்தாலியின் ராகனெல்லோ இடுக்கில் 10 பேர். மூன்றுமே கோடைக்காலம். மூன்றிலும் மேலாற்றில் பெய்த மழைதான் கீழே இருந்தவர்களைக் கொண்டுபோனது.

ஆகவே திரும்பிவிடுவதா வேண்டாமா என்ற முடிவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே போனபின் ஆசை பேசும், செலவழித்த பணம் பேசும், ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில், வர்ஜின் ஆற்றில் வினாடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடினால், ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் நாரோஸ் பாதையை மூடிவிடுகிறார்கள். எண்ணாக எழுதி வைத்துவிட்டால் யாரும் பேரம் பேச முடியாது. அளவுமானி இல்லாத ஆறுகளிலும் இதைச் செய்யலாம்: குறிப்பிட்ட பாறை மூழ்கியிருந்தால் இறங்குவதில்லை, முதல் கடவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் திரும்புவது, இத்தனை மணிக்குள் பாதித் தூரம் தாண்டாவிட்டால் திரும்புவது என்று முன்கூட்டியே குழுவிடம் சொல்லிவிட வேண்டும்.

நேரக் கணக்கும் இங்கே வேறு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதியை, மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று இன்றும் பயன்படுத்துகிறார்கள். நல்ல பாதைக்கு அது சரி. பாறாங்கற்களில் ஏறி இறங்கி, ஆற்றை மாறி மாறிக் கடந்து போகும் குழு மணிக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் நடந்தாலே நல்ல நடை. மரக்கூரையும் சுவர்களும் சேர்ந்து வெளிச்சத்தைச் சீக்கிரமே மறைத்துவிடும். ஜிபிஎஸ்ஸையும் முழுதாக நம்ப முடியாது; செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வருவதால், நிற்கும் இடத்தை எதிர்ச்சுவரின் மேலே காட்டும். ஓடைகள் வந்து சேரும் இடங்களை எண்ணிக்கொண்டே நடப்பதுதான் நம்பகமான வழி.

ஆற்றைக் கடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் வழிகாட்டியின் தேர்ச்சி தெரிந்துவிடும். குறுகலான இடம் சுலபம் போலத் தோன்றும். ஆழமும் இழுப்பும் அங்கேதான் அதிகம். அகன்று, கூழாங்கல் பரப்பின் மேல் சலசலத்து ஓடும் இடம் தூரம் கூடுதலானாலும் நல்லது. வளைவின் வெளிப்பக்கக் கரையை நீர் அரித்து மடுவாக்கியிருக்கும், அந்தப் பக்கம் ஏறவும் பிடி கிடைக்காது. அடுத்து, தவறி விழுந்தால் தண்ணீர் ஆளை எங்கே கொண்டுபோகும் என்று கீழாற்றைப் பார்க்க வேண்டும். அங்கே அருவியோ, குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் வேறு இடம் தேட வேண்டும். விழுந்த மரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிளைகளுக்கிடையே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. பின்னாலிருந்து வரும் நீர் அவரைக் கிளையோடு வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும்.

வேகத்தை அறிய ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டு, கரையில் கூடவே நடந்து பார்க்கலாம். குச்சி நம் நடையை முந்தினால், முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்க வேண்டாம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலில் விழும் விசை நான்கு மடங்காகும். ‘போன மாதம் இதே இடத்தில் கடந்தோமே’ என்ற பேச்சு அதனால்தான் செல்லாது.

இறங்கும்போது காலணியைக் கழற்றக் கூடாது. வெறுங்காலுக்குப் பாசி படிந்த கல் பிடி கொடுக்காது. வலியில் கால் தடுமாறும். முதுகுப்பையின் மார்புப் பட்டையை அவிழ்த்தாக வேண்டும். இடுப்புப் பட்டையை அவிழ்ப்பவர்களும் உண்டு. தண்ணீர் புகாமல் கட்டிய பை மிதந்து தாங்கும் என்று விடுபவர்களும் உண்டு. எதுவானாலும் ஒரே இழுப்பில் கழன்றுவர வேண்டும். தனியாகக் கடப்பவர் மேலாற்றைப் பார்த்து நின்று, ஊன்றுகோலை முன்னால் நாட்டி, ஒரு காலையோ கோலையோ மட்டும் நகர்த்திக்கொண்டு, பக்கவாட்டில் சற்றே கீழ்நோக்கிச் சாய்வாகப் போக வேண்டும். கால்களைக் குறுக்கே மாற்றி வைத்தால் இழுப்பு வாரிவிடும். மூன்று நான்கு பேர் சேர்ந்து கடப்பதென்றால், பக்கத்தில் இருப்பவரின் முதுகுப்பைப் பட்டையைப் பிடித்து வரிசையாகி, வரிசை ஓட்டத்தின் திசையிலேயே நீண்டிருக்கும்படி இறங்க வேண்டும். பலசாலி மேலாற்றுப் பக்கம். அவர் உடைக்கும் நீரின் மறைவில் மற்றவர்கள் வருவார்கள். யாருடைய உடலிலும் கயிறு கட்டக் கூடாது. விழுந்தவரைக் கயிறு நிறுத்தும், நீர் அவரை அடியில் அமிழ்த்தும்.

அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்கள் கீழாற்றை நோக்கி, விரல்கள் நீருக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும். ஓடும் நீரில் பதறி எழுந்து நின்றால் பாதம் கற்களுக்கிடையே சிக்கும்; பிறகு நீரின் எடையே முதுகை மடக்கி முகத்தை உள்ளே தள்ளிவிடும். கை தரையில் தட்டும் அளவுக்கு ஆழம் குறைந்தபின் எழுந்தால் போதும்.

குழு எங்கே நின்றாலும், தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலிருந்து மண்வாசனையோடு குளிர்காற்று அடிப்பது, கல் உருளும் சத்தம் ஆகியவை வெள்ளம் வருவதன் அறிகுறிகள்; மேடேற இவற்றில் ஒன்று போதும். இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். ஓட்டம் திடீரெனக் குறைந்தாலும் மகிழ்ச்சி கொள்ளக் கூடாது, மேலே மண்சரிவு ஆற்றை அடைத்திருக்கலாம். ஓட வேண்டிய திசை மேடு. கீழாற்றுப் பக்கம் அல்ல. எவ்வளவு மேடு என்பதை மரங்களே சொல்லும்: கிளைகளில் சிக்கியிருக்கும் பழைய வெள்ளத்துச் சருகுகளுக்கு மேலே போக வேண்டும். பாதை நெடுகிலும் அப்படி ஏறக்கூடிய இடங்களை வழிகாட்டி பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஏற இடமில்லாத, சுவர் மட்டுமே உள்ள பகுதிகளில் சாப்பாட்டுக்கோ படத்துக்கோ நிற்பதே இல்லை.

மேட்டில் ஏறிவிட்டால் அங்கேயே இரவைக் கழிக்கவும் தயாராக இருக்க வேண்டும். நனையாத சட்டை ஒன்று, கம்பளிக் காலுறை, தலைவிளக்கு, ஒரு வேளைச் சாப்பாடு இவை தடித்த பாலித்தீன் பையில் முடிந்து ஒவ்வொருவர் பையிலும் இருந்தாக வேண்டும். எல்லோருடையதும் ஒருவர் பையில் என்ற ஏற்பாடு கூடாது. நடுக்கம் வந்து, பொத்தானைப் போட விரல் மறுக்கிறதென்றால் அவருக்கு உடனே உடை மாற்ற வேண்டும். உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு விசில், பிறகு ஒரு நிமிடம் அமைதி. கூப்பாடு ஆற்றுச் சத்தத்தில் கரைந்துவிடும். தண்ணீர் சற்று வடிந்ததும் இறங்கிவிடக் கூடாது. கிளை ஓடைகளின் வெள்ளம் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால் இரண்டாவது எழுச்சி உண்டு. அடையாளக் கல் மறுபடி தெரிந்து, தண்ணீரும் தெளிந்தபின் இறங்கலாம்.