ஒன்பது புள்ளிகளும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும்

30 நவம்பர் 2019, சனி

நம் கால்பந்து அணி சென்னையின் எஃப்.சி.யின் பயிற்சியாளர் கிரெகரி போய்விட்டார்.

1 டிசம்பர், ஞாயிறு

போகட்டும் என்று கத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலில் எழுதிவைத்துவிடுகிறேன். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் பெங்களூரு அணியையே 3-2 என்று வீழ்த்தி நமக்கு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கொண்டுவந்த மனிதர் அவர். அதற்கடுத்த பருவத்தில் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பதே புள்ளிகள், பத்து அணிகளில் பத்தாவது இடம் என்றானபோதும் அவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மாமாவிடம் வாதாடியவனும் நான்தான். இந்தப் பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களிலும் நாம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில், ஹைதராபாத்துக்கு எதிராக, 92ஆவது நிமிடத்தில் ஷெம்ப்ரி அடித்ததுதான் முதல் கோல். அதையும் அவர்கள் சமன் செய்துவிட, அடுத்த நிமிடமே வால்ஸ்கிஸ் அடித்து வென்றோம். அன்று பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். மூன்று நாள் கழித்து ஒடிசாவுடன் 2-2 என்று முடிந்தபோது, அதே தொண்டையால் அவரைப் போகச் சொன்னேன்.

இன்று எதையோ திருடிக்கொண்டு வந்தவனைப் போல இருக்கிறது.

3 டிசம்பர், செவ்வாய்

புதிய பயிற்சியாளர் ஓவன் கோய்ல். ஸ்காட்லாந்துக்காரர். பெயரை அறிவித்த பத்தாவது நிமிடத்தில் அவருடைய முழு வரலாற்றையும் தேடிப் படித்துவிட்டேன். பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றி ஊரெல்லாம் விசாரிப்பதைப் போலத்தான் இதுவும், ஆனால் இங்கே நம் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. 2009இல் வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்று பர்ன்லியை 33 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டிக்குக் கொண்டுசென்றவர். அந்த ஆகஸ்ட்டில் அதே பர்ன்லி மான்செஸ்டர் யுனைடெட்டையும் வென்றது. பிறகு 2010 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, பர்ன்லியை விட்டு போல்டனுக்குப் போனார். 2012இல் போல்டன் கீழ்நிலைக்கு இறங்கியது. விகனில் சில மாதங்கள், பிறகு அமெரிக்காவில் ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுண்டி. கடைசியில் நம் அரங்கம் இருக்கும் பெரியமேடு.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே கேட்டவர், யார் வந்தாலும் பந்தை உதைக்கப்போவது அவரில்லை என்று மட்டும் சொன்னார். வியாசர்பாடி மைதானத்தில் இருபது ஆண்டுகள் ஆடியவருக்கு வெளிக்கோட்டில் நின்று கத்துபவர்கள் மேல் பெரிய மரியாதை இருந்ததில்லை.

இந்த முறை எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

5 டிசம்பர், வியாழன்

2010 ஜனவரி. பர்ன்லி. பருவத்தின் நடுவில்.

10 டிசம்பர், செவ்வாய்

நேற்று ஜாம்ஷெட்பூரில் அவருடைய முதல் ஆட்டம். 26ஆவது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் கோல் அடித்ததிலிருந்து 89ஆவது நிமிடம்வரை நான் உட்காரவே இல்லை. அந்த 89ஆவது நிமிடத்தில் ஐசக் சமன் செய்தார். ஐசக் நம்மிடம் ஆடிப் போனவர் என்பதால் வலி இருமடங்கு. ஒரு புள்ளி. மொத்தம் ஆறு.

ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். பந்தை இழந்த இடத்திலேயே அதைப் பறிக்க ஓடினார்கள். ஆடியவர்கள் புதியவர்கள் அல்லர். பத்து நாள் முன்பு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தவர்களைத்தான் நேற்று ஓடப் பார்த்தேன். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், எதிர்பார்க்க மாட்டேன் என்ற தீர்மானம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையா என்று கேட்பார்.

20 டிசம்பர், வெள்ளி, நள்ளிரவு

கேரளா பிளாஸ்டர்ஸ் 1, நாம் 3. முதல் பாதியிலேயே ஷெம்ப்ரி, சாங்தே, வால்ஸ்கிஸ் என்று மூவரும் அடித்துவிட்டார்கள். மஞ்சள் சட்டைகளுக்கு எதிரே நின்று இப்படிப் பாடி எத்தனை நாளாயிற்று! நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே டிசம்பர் 20 அன்றுதான் கோவாவில் முதல் கோப்பையை வென்றோம். வெள்ளத்தால் அந்த ஆண்டு அரையிறுதியின் முதல் ஆட்டத்தைக்கூட இங்கே நடத்த முடியாமல் புணேவுக்குக் கொண்டுபோனார்கள். நாளும் தேதியும் பார்ப்பவனல்ல நான். இருந்தாலும் பார்த்தேன்.

சாங்தேயைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். காற்றைப் போல ஓடி, கோல்கீப்பர் மட்டுமே மிஞ்சும் இடத்துக்குப் போய், பந்தை வானத்துக்கு அனுப்பிவிடும் பையன் என்றுதான் அவரை இத்தனை நாளும் திட்டினோம். இன்று அவர் கோல் அடித்துவிட்டு வெளிக்கோட்டைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. பள்ளிக்கூடத்தில் முதன்முறையாகக் கணக்குச் சரியாக வந்த பிள்ளை வாத்தியாரைப் பார்க்கும் பார்வை அது.

எட்டு ஆட்டங்களில் 9 புள்ளிகள். போன பருவம் முழுவதற்கும் சேர்த்து 9 புள்ளிகள்.

மாமாவின் பக்கத்து இருக்கை காலி. இன்று வெள்ளிக்கிழமைதான், மருத்துவமனை நாள் இல்லை, வந்திருக்கலாம். படியேற முடியாது என்று சொல்லிவிட்டார்.

26 டிசம்பர், வியாழன்

காலையில் சூரிய கிரகணம். இன்று புதிதாக எதையும் தொடங்காதே, நம்பிக்கையைக்கூடத் தொடங்காதே என்று மாமா கேலி செய்தார். இடைவேளையின்போது கோவா 3, நாம் 0. முடிவு 4-3. இரண்டு நிமிட இடைவெளியில் ஷெம்ப்ரி இரண்டு கோல் அடித்தபோது அரங்கமே அதிர்ந்தது உண்மை. மூன்று கோல் அடித்த பிறகும் தோற்பது எப்படி என்பதை நாம்தான் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

6 ஜனவரி 2020, திங்கள்

ஒடிசா 2, நாம் 0. பத்து ஆட்டங்கள். ஒன்பது புள்ளிகள்.

7 ஜனவரி, செவ்வாய்

தூங்கவில்லை. ஒன்பது என்ற எண்ணைத் தாண்டவே இந்த அணிக்கு விதிக்கப்படவில்லையோ என்ற மூடத்தனமான எண்ணம் விடியும்வரை கூடவே இருந்தது. புதிய பயிற்சியாளர் வந்து நான்கு ஆட்டங்களாயிற்று. ஒரு வெற்றி, ஒரு சமன், இரண்டு தோல்வி. கிரெகரியின் கடைசி நான்கு ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் ஒரு வெற்றி, ஒரு சமன், இரண்டு தோல்விதான். அப்படியானால் மாறியது என்ன? அந்த மனிதரைப் போகச் சொல்லிக் கத்திய நான், இந்த மனிதருக்கு மட்டும் பொறுமை காட்டுவது எந்த நியாயத்தில்?

யோசித்துப் பார்த்தால், நாம் பயிற்சியாளரிடம் கேட்பது புள்ளிகளை அல்ல என்று தோன்றுகிறது. அரங்கத்திலிருந்து சென்ட்ரல்வரை நடந்து, கடைசி ரயில்களில் ஒன்றைப் பிடித்து, வியாசர்பாடி ஜீவாவில் இறங்கி வீட்டுக்குப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில், தோற்ற ஆட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே போக ஏதாவது ஒன்று வேண்டும். நவம்பரில் நாங்கள் பேசாமல் போனோம். கோவாவிடம் 4-3 என்று தோற்ற அன்று ரயில் பெட்டியில் பேச்சு நிற்கவே இல்லை. இதை எந்தப் புள்ளிப்பட்டியலில் போடுவது?

மாமா இதைக் கேட்டுவிட்டு, அணியின் பெயரே பாதியில் நிற்கிறதே, சென்னையின் என்றால் சென்னையின் என்ன என்றார். எப்போதும் கேட்கும் கேள்விதான். இன்று பதில் சொல்லத் தோன்றவில்லை.

10 ஜனவரி, வெள்ளி

ஹைதராபாத்தில் 3-1. பன்னிரண்டு! ஒன்பதைத் தாண்டிவிட்டோம்.

16 ஜனவரி, வியாழன், மாட்டுப் பொங்கல்

நார்த்ஈஸ்ட்டுக்கு எதிராக 2-0. கிரிவெல்லாரோ வெகு தொலைவிலிருந்து, கோல்கீப்பர் முன்னே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, தலைக்கு மேலே தூக்கி அடித்த பந்து இறங்கி வலைக்குள் விழுந்தது. அது காற்றில் இருந்த நேரத்தில் அரங்கத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. வால்ஸ்கிஸ் முன்னால், அவருக்குப் பின்னால் கிரிவெல்லாரோவும் ஷெம்ப்ரியும், ஓரத்தில் சாங்தே. நால்வரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பந்தைக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் எடுத்துவைத்திருந்த சர்க்கரைப் பொங்கலை இரவு பன்னிரண்டுக்குச் சாப்பிட்டேன். மாமா தனக்கு அளந்துவைத்த தண்ணீரில் மிச்சமிருந்த அரைத் தம்ளரைக் குடித்துக்கொண்டே கோலைக் கைப்பேசியில் ஆறு முறை பார்த்தார். ஒரு விமரிசனமும் சொல்லவில்லை.

24 ஜனவரி, வெள்ளி

ஜாம்ஷெட்பூர் 1, நாம் 4. பதினெட்டுப் புள்ளிகள். அலுவலகத்தில் கணக்கேட்டின் ஓரத்தில் மிச்சமுள்ள ஐந்து ஆட்டங்களை எழுதி, முதல் நான்கு இடங்களுக்குள் வர எத்தனை வேண்டும் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டேன், என்னிடமே. டிசம்பர் 3 அன்று எழுதிய தீர்மானத்தைத் திருப்பிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

1 பிப்ரவரி, சனி

கொச்சியில் 6-3. மூன்று பேர் ஆளுக்கு இரண்டு: கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்தே. அவர்கள் பக்கம் ஓக்பெச்சே தனியாளாக மூன்று அடித்தார், பாவம். மாமா மருத்துவமனைப் படுக்கையிலேயே கைப்பேசியில் பார்த்திருக்கிறார். கை அசையக் கூடாது என்று செவிலியர் இரண்டு முறை அதட்டினாராம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

மாமா வந்தார்.

ரிப்பன் மாளிகையைத் தாண்டும்போதே மூச்சு வாங்கியது. மூன்று இடங்களில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் கொடிகளைப் பார்ப்பதற்காக நிற்பதைப் போலப் பாவனை செய்து, ஒருவழியாக இருக்கைக்கு வந்து சேர்ந்தார். இந்தப் பருவத்தில் கோல் மழை பொழிந்த ஆட்டங்களையெல்லாம் விட்டுவிட்டு அவர் வந்தது பெங்களூருவுக்கு எதிரான ஆட்டத்துக்கு. 0-0. நான் மன்னிப்புக் கேட்காத குறை.

அவரோ, நான் இதுவரை பார்த்ததிலேயே நல்ல ஆட்டம் இதுதான் என்றார். தொண்ணூறு நிமிடமும் அவர் பார்த்தது கோயனையும் எலி சாபியாவையும், நடுக்களத்தில் நம்மூர் எட்வினையும்தான். பந்து இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அதை யாரோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். யாரோ என்றுதான் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து கோய்ல் அரங்கத்தைச் சுற்றி வந்து கைதட்டியபோது, மாமா பிளாஸ்திரி ஒட்டாத கையை மட்டும் உயர்த்தினார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

கொல்கத்தாவில் ஏ.டி.கே. அணியை 3-1 என்று வென்றுவிட்டோம். 25.

21 பிப்ரவரி, வெள்ளி

மும்பையில் 83ஆவது நிமிடம் கோயன். 1-0. முதல் நான்கில் ஒன்றாகிவிட்டோம். முன்பு மும்பைக்கே ஆடியவர் அடித்த கோல். ஐசக்கின் கணக்கு நேரானது.

26 பிப்ரவரி, புதன்

நேற்று நார்த்ஈஸ்ட்டுடன் 2-2. 29 புள்ளிகள், நான்காம் இடம். ஒடிசாவில் தோற்ற பிறகு எட்டு ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை, அதில் ஆறு வெற்றி.

இப்போது வேறொரு பயம். இவ்வளவு சீக்கிரம் ஓர் அணியைத் தூக்கி நிறுத்துபவரை மற்றவர்கள் சும்மா விட்டுவைப்பார்களா? பர்ன்லிக்காரர்கள் வெம்ப்ளியிலிருந்து திரும்பிய இரவில் என்னவெல்லாம் கனவு கண்டிருப்பார்கள்! அடுத்த பருவமும் இங்கேதான் என்று ஒரு வார்த்தை வந்தால் நிம்மதியாக இருக்கும்.

29 பிப்ரவரி, சனி

அரையிறுதி, கோவா. மாமாவுக்கு மருத்துவமனை நாள். கோயன் 54, தாபா 61, சாபியா 77, சாங்தே 79. ஒவ்வொரு கோலுக்கும் ஒரு முறை அழைத்தேன். என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது, அரங்கத்தின் குரல் கேட்டிருக்கும். அவர்கள் ஒன்று திருப்பி அடித்தபோது அழைக்கவில்லை. அவரே அழைத்து, ஒன்றை மறைக்கிறாயே என்றார். 4-1.

7 மார்ச், சனி

இருபத்தோராவது நிமிடத்துக்குள் இரண்டு வாங்கிவிட்டோம், முதலாவது நம் ஆளே நம் வலைக்குள் போட்டது. பிறகு சாங்தே, வால்ஸ்கிஸ். மூச்சு வந்தது. கடைசி பத்து நிமிடத்தில் மறுபடி இரண்டு. 4-2 என்று தோற்று, மொத்தத்தில் 6-5 என்று இறுதிக்குப் போகிறோம். இந்த அணியைப் பார்க்க இதயம் பலமாக உள்ளவர்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும்.

இறுதியாட்டம் நடக்கும் கோவாவின் மட்காவுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். இரண்டு. மாமா வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

13 மார்ச், வெள்ளி

கொரோனாவால் இறுதியாட்டம் பார்வையாளர்கள் இன்றி நடக்கும். பயணச்சீட்டுகளை ரத்து செய்தேன்.

14 மார்ச், சனி

ஏ.டி.கே. 3, நாம் 1. பத்தாவது நிமிடத்திலும் இடைவேளை முடிந்த சில நிமிடங்களிலும் அவர்கள் அடித்தார்கள். 69இல் வால்ஸ்கிஸ் ஒன்று அடித்து ஆசை காட்டினார், இஞ்சுரி டைமில் மூன்றாவதும் விழுந்தது. ஒரு மனிதரும் இல்லாத அரங்கத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த மாமா, இன்றைக்கு எல்லாருக்குமே பக்கத்து இருக்கை காலி என்றார்.

அழவில்லை. ஒன்பது புள்ளியில் தூக்கம் கெட்டுக் கிடந்தவன் இறுதியாட்டத்தில் தோற்றதற்கு வருந்துகிறேன் என்றால், இந்த மூன்று மாதத்தில் என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார் அந்த மனிதர்!

17 மார்ச், செவ்வாய்

மருத்துவமனை வாசலில் நெற்றியில் ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, நோயாளியுடன் ஒருவருக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். காத்திருந்த நான்கு மணி நேரமும் கோய்லைப் பற்றி ஏதாவது செய்தி உண்டா என்று தேடிக்கொண்டே இருந்தேன். இல்லை. வெளியே வந்ததும் மாமா முதலில் கேட்டதும் அதைத்தான், பெயரைச் சொல்லியே கேட்டார். இன்னும் தெரியவில்லை, நாளைக்குத் தெரியலாம் என்றேன்.